கால் தளரும்போதும் கை பதறும்போதும்: கல்லூரிக் கூடைப்பந்து ஷூட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஷூட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போடும் நேரத்தில்தான் சந்தேகங்கள் வரும். ஆடுகிறவர்கள், கூட்டிப்போக வரும் பெற்றோர், சில சமயம் பி.டி. சார்கள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களிலிருந்து வருகின்றன. என்சிஏஏ அமைப்பின் கீழ் நடக்கும் அந்த ஆட்டங்களுக்கு விரிவான பதிவுகள் உண்டு. கல்லூரி அணிகளை வைத்து ஆய்வுகளும் நிறைய நடந்திருக்கின்றன. நம் பிள்ளைகள் போனில் பார்ப்பதும் அந்த ஆட்டங்களைத்தான்.

சார், ப்ராக்டிஸ்ல பத்துக்கு எட்டு போடுறேன். மேட்ச்ல நாலு விழுந்தா பெருசு. ஏன் இப்படி?

ப்ராக்டிஸில் ஒரே இடத்தில் நின்று பத்து போடுகிறீர்கள். முதல் பந்து சற்றுக் குறைந்தால் இரண்டாவதில் தானாகவே சரிசெய்துகொள்கிறீர்கள். மேட்ச்சில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. டிஃபென்ஸில் ஓடி, ரீபவுண்டுக்கு மோதி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து போடும் ஒரே ஷாட், அடுத்த ஷாட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகலாம். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ விழும் அளவு 1960களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகளாக நூற்றுக்கு 69-ஐ ஒட்டியே நின்றது. அந்தக் காலத்தில் உடற்பயிற்சி மாறியது, உணவு மாறியது, வீடியோ வந்தது. ஒருவரும் மறிக்காத 15 அடி ஷாட் மட்டும் பெரிதாக நகரவில்லை.

களைப்பு, டென்ஷன் ரெண்டும் ஒண்ணுதானே? எதனால மிஸ் ஆகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒன்றல்ல. பந்து எங்கே பட்டது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். களைத்தவரின் பந்து பெரும்பாலும் முன் ரிம்மில் (கூடை வளையத்தின் நம் பக்க விளிம்பில்) படும், அல்லது ரிம்மையே தொடாது. நம் பிள்ளைகள் பாஷையில் 'ஷார்ட்'. பதறியவரின் பந்து ஒரு இடத்தில் படாது. ஒன்று நீளமாகப் போகும், அடுத்தது இடப்பக்கம் விலகும், பிறகு ஒன்று ஷார்ட் ஆகும். இது என் அனுபவக் கணக்கு, எப்போதும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து மிஸ்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு உருவம் தெரியும்.

என்னிடம் வரும் ஒரு மாணவி சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் ஒரு எழுத்து: முன் ரிம்முக்கு 'மு', பின் ரிம்முக்கு 'பி', இடம், வலம். ஒரு நாள் பக்கத்தின் மேல் பாதியில் நான்கு எழுத்தும் கலந்து கிடந்தன. டிஃபென்ஸ் டிரில் முடிந்த பிறகு எழுதிய கீழ் பாதியில் வரிசையாக 'மு', 'மு', 'மு'. அதுவரை அவளிடம் "கவனமா போடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனத்தில் ஒரு குறையும் இல்லை, கால்தான் ஓய்ந்துபோயிருந்தது.

பந்தைப் போடுறது கை. கால் தளர்ந்தா ஷாட் ஏன் கெடணும்?

பந்துக்கு வேகம் தரையிலிருந்து வருகிறது. முழங்கால் மடங்கி நிமிரும் விசை இடுப்பு, தோள், முழங்கை என்று ஏறி மணிக்கட்டில் முடிகிறது. கால் களைத்தால் முழங்கால் குறைவாக மடங்கும், குதிக்கும் உயரம் குறையும், பந்து கையைவிட்டுப் போகும் உயரமும் இறங்கும். குறையும் விசையைத் தோளும் கையும் ஈடுகட்டப் பார்க்கும். பந்தை மேலே அனுப்பாமல் முன்னே தள்ளும். அதனால் வளைவு தட்டையாகிறது.

தட்டையானால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பாருங்கள். ரிம்மின் விட்டம் சுமார் 45 செ.மீ., ஆண்கள் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. நேர் மேலிருந்து இறங்கும் பந்துக்குத்தான் அந்த 45 முழுதாகத் திறந்திருக்கும். 45 டிகிரி சாய்வில் வரும் பந்துக்குத் திறப்பு 32 செ.மீ. போலச் சுருங்கும். 35 டிகிரியில் வந்தால் 26 செ.மீ.தான். 24 செ.மீ. பந்து 26 செ.மீ. வாசலில் நுழைய வேண்டும். கால் தளர்ந்தவர் தனக்கான வாசலைத் தானே இப்படிக் குறுக்கிக்கொள்கிறார்.

அப்போ மேட்ச் கடைசியில எல்லா ஷாட்டும் கெட்டுத்தான் போகுமா?

தூரத்தைப் பொறுத்தது. 6.75 மீட்டரிலிருந்து போடும் த்ரீ பாயிண்டுக்குக் கால் அதிகம் தேவை. அதனால் களைப்பு முதலில் கடிப்பது அதைத்தான். (உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் கோடு நெடுநாளாக அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் 2019-20லும் பெண்கள் 2021-22லும் அதே தூரத்துக்கு மாறினார்கள்.) ஃப்ரீ த்ரோவுக்குக் குதிக்க வேண்டியதில்லை, சில விநாடி மூச்சுவிட நேரமும் உண்டு. நன்றாகப் பழகியவர்களின் ஃப்ரீ த்ரோ அசைவு களைப்பில் அதிகம் மாறவில்லை என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியின் ஜானி ஃப்ளின். 2009 மார்ச் 12 இரவு, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிரக்யூஸும் கனெக்டிகட்டும் பிக் ஈஸ்ட் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் போட்டியில், காலிறுதியில் மோதின. ஆறு ஓவர்டைம். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் 127-117 என்று சிரக்யூஸ் வென்றது. மொத்தம் 70 நிமிட ஆட்டத்தில் ஃப்ளின் 67 நிமிடம் களத்தில் இருந்தார். அன்று அவர் போட்ட 16 ஃப்ரீ த்ரோவும் விழுந்தன. கால் ஓய்ந்தாலும், ஊறிப்போன பழக்கம் அவ்வளவு சுலபத்தில் ஓயாது.

நல்ல பிளேயர்ஸ்கூட கடைசி நிமிஷத்துல சொதப்புறாங்களே, அது பயமா களைப்பா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் தேசியப் போட்டியின் 2008 இறுதி ஆட்டத்தை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். சான் அன்டோனியோவில் கான்சஸுக்கு எதிராக மெம்ஃபிஸ், 2 நிமிடம் 12 விநாடி மிச்சமிருக்கும்போது 60-51 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் ஐந்து ஃப்ரீ த்ரோவில் நான்கைத் தவறவிட்டது. 2.1 விநாடி இருக்கும்போது மாரியோ சால்மர்ஸ் த்ரீ போட்டுச் சமன்செய்தார். ஓவர்டைமில் கான்சஸ் 75-68 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

'பயந்துட்டாங்க' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பருவம் முழுக்கவே மெம்ஃபிஸின் ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு 61 அளவில்தான் இருந்தது. நூற்றுக்கு 39 தவறும் அணிக்கு ஐந்தில் இரண்டு தவறுவது இயல்பு. அதற்கு மேல் போன இரண்டைத்தான் பதற்றம், களைப்பு, தற்செயல் மூன்றுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். வீட்டில் வலுவாக இல்லாத ஷாட், மேட்ச்சின் கடைசியில் காலை வாரும்.

சரி, பிரஷர்ல சராசரியா எவ்வளவுதான் குறையும்? நம்பர் இருக்கா?

இருக்கிறது. 2002 முதல் 2013 வரையிலான கல்லூரி, தொழில்முறை ஆட்டங்களின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ த்ரோக்களை ஒரு ஆய்வு எடுத்துப் பார்த்தது. புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் ஆட்டத்தின் கடைசி 30 விநாடியில், கல்லூரி ஆண்களுக்கு 2.09, கல்லூரிப் பெண்களுக்கு 2.25 சதவீதப் புள்ளி குறைந்தது. அதாவது நூறு போட்டால் இரண்டு.

அந்த இரண்டு சில நாள் கோப்பையையே கொண்டுபோகும், மறுக்கவில்லை. ஆனால் நாம் அதைப் பற்றிப் பேசும் பேச்சைப் பார்த்தால் நூற்றுக்கு முப்பது குறைவது போல இருக்கும். "மனசுல தைரியம் இல்ல" என்று ஒரு பிள்ளையை முத்திரை குத்தும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொண்ணுங்களுக்குத்தான் டென்ஷன் ஜாஸ்தின்னு எங்க பி.டி. சார் சொல்றாரு. நெஜமா?

இல்லை. மேலே சொன்ன 2.09-க்கும் 2.25-க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதே ஆய்வு, இந்த வித்தியாசத்தை வைத்து ஆண் பெண் பேதம் எதையும் நிறுவ முடியாது என்கிறது. அதைச் சாரிடம் காட்டுங்கள்.

பதற்றம் வரும்போது உடம்புக்குள்ள என்ன நடக்குது? கை ஏன் நம்ம பேச்சைக் கேக்க மாட்டேங்குது?

கை நம் பேச்சை அளவுக்கு மீறிக் கேட்பதுதான் கோளாறு. ஆயிரக்கணக்கான தடவை போட்ட ஷாட் யோசனை இல்லாமல் தானாக ஓடும். பதற்றத்தில் நாம் குறுக்கே புகுந்து 'முழங்கை உள்ளே, மணிக்கட்டு மடங்கட்டும்' என்று ஒவ்வொன்றாக மேய்க்கத் தொடங்குகிறோம். படி இறங்கும்போது காலைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், தடுக்கும். அதேதான்.

இன்னொன்று கண். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ரீ த்ரோவில் கைதேர்ந்தவர்கள் பந்தைத் தூக்கும் முன் ஏறக்குறைய ஒரு விநாடி ரிம்மில் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்கள் அதில் பாதிகூடப் பார்க்கவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள், பதற்றம் அந்தப் பார்வையை இன்னும் சுருக்குகிறது என்று காட்டின. கண் ரிம், ஸ்கோர்போர்டு, பெஞ்சு என்று அலைகிறது. அதனால் பதறுகிற பிள்ளையிடம் நான் கையைப் பற்றிப் பேசுவதே இல்லை. "முன் ரிம்முக்குச் சற்று உள்ளே ஒரு இடம், அங்கேயே பார்" என்று மட்டும் சொல்கிறேன்.

ஆடியன்ஸ் கத்துறது ஷாட்டைக் கெடுக்குமா?

வெறும் சத்தம் பெரிதாகக் கெடுப்பதில்லை. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 2013-ல் கூடைக்குப் பின்னால் ஒரு திரை கட்டினார்கள். எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோ போடத் தயாராகும்போது திரை விலகும், உள்ளே ஏதாவது கூத்து நடக்கும். 2016 ஜனவரியில் திரைக்குள்ளிருந்து நீச்சல் உடையில் வந்தவர் ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ். கோட்டில் நின்ற ஒரிகன் ஸ்டேட் வீரர் இரண்டையும் தவறவிட்டார். அந்தத் திரை குறிவைப்பது காதை அல்ல, கண்ணை. மேலே சொன்ன ஒரு விநாடிப் பார்வையைத்தான் அது பறிக்கப் பார்க்கிறது.

என் பையன் ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் படுக்கிறான். தூக்கத்துக்கும் பந்துக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, அம்மா. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆண்கள் அணியின் 11 பேரை வைத்து ஷெரி மா குழுவினர் நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. முதல் சில வாரம் வழக்கம்போலத் தூங்கினார்கள். கருவி வைத்து அளந்தபோது அது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. பிறகு ஐந்து முதல் ஏழு வாரம், தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். தூக்கம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடியது. பத்து ஃப்ரீ த்ரோவில் சராசரியாக 7.9 விழுந்தது 8.8 ஆனது. பதினைந்து த்ரீயில் 10.2 விழுந்தது 11.6 ஆனது. ஓட்டத்திலும் நேரம் குறைந்தது.

பதினொரு பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. பருவம் போகப்போகப் பயிற்சியாலும் கொஞ்சம் கூடியிருக்கலாம். அதைக் கழித்தாலும் எனக்கு இது பெரிய விஷயம். ஷூவுக்கு ஏழாயிரம் கொடுக்கத் தயாராக இருக்கும் வீடுகள், தூக்கத்தைக் காசில்லாத மருந்தாகப் பார்ப்பதில்லை. உங்கள் பையனிடம் பத்து மணி நேரம் கேட்க வேண்டாம். மேட்ச்சுக்கு முந்தின ஒரு ராத்திரி மட்டும் தூங்கினால் போதாது என்பதையும், இரண்டு வாரம் பன்னிரண்டு மணிக்கு முன் படுத்து நோட்டில் எண்ணிப் பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

செமஸ்டர் எக்ஸாமும் டோர்னமெண்டும் ஒரே வாரத்துல வருது. ஓடவே இல்ல, ஆனா ஷாட் விழல. சாக்கு சொல்றேனா?

சாக்கு இல்லை. மூளையைக் கசக்கும் வேலையை நீண்ட நேரம் செய்தபின் போடச் சொன்னால் ஃப்ரீ த்ரோ குறைகிறது என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. உடம்பு புத்துணர்வாக இருக்கும், தீர்மானிக்கும் வேகமும் கண் நிலைப்பதும் குறையும். அமெரிக்காவில் பருவ காலத்தில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் முழு விடுப்பு வேண்டும் என்று விதி இருப்பதற்கு அவர்கள் மாணவர்கள் என்பதும் ஒரு காரணம். இங்கே அப்படி எண்ணிக் கொடுப்பவர் இல்லாவிட்டால், எக்ஸாம் வாரத்தில் ஷூட்டிங்கை நீங்களே பாதியாக்குங்கள். மேட்ச்சுக்கு முந்தின ஒரு மணி நேரம் போனையும் மூடி வையுங்கள்.

வெயில்ல ஆடும்போது தண்ணி குடிச்சா வயிறு கனக்குது. குடிக்காம ஆடலாமா?

கூடாது. வேர்வையில் உடல் எடையில் 2 சதவீதம் போனாலே ஷூட்டிங் உட்பட ஆட்டத் திறன்கள் சரிவதை அளந்திருக்கிறார்கள். 65 கிலோ ஆளுக்கு அது 1.3 கிலோதான். மே மாத வெயிலில் திறந்த கோர்ட்டில் அதை இழக்க நீண்ட நேரம் ஆகாது. ஒரே மடக்கில் குடிப்பதால்தான் கனக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வாய் போதும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறானால் இன்னும் நல்லது.

நாலு நாள்ல நாலு மேட்ச். கடைசி மேட்ச்ல எங்க டீம் மொத்தமும் சொதப்பிச்சு. களைப்புதானே காரணம்?

இருக்கலாம், ஆனால் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். 2011-ல் கனெக்டிகட், பிக் ஈஸ்ட் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தையும் வென்றது. அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் ஆறு வென்று தேசியக் கோப்பையையும் எடுத்தது. ஹூஸ்டனில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் பட்லர் அணி 64 ஷாட்டில் 12 மட்டுமே போட்டது. கனெக்டிகட் 53-41 என்று வென்றது.

அதிக ஆட்டம் ஆடிய அணி தோற்கவில்லை, பார்த்தீர்களா. பட்லருக்கு நெருக்கடி இருந்தது, மிகப் பெரிய அரங்கம் இருந்தது, முக்கியமாக எதிரே உயரமான கைகள் இருந்தன. இரண்டு புள்ளி ஷாட் 31-ல் 3-தான் விழுந்தது. அத்தனை மிஸ்ஸையும் களைப்பில் போடுவது எதிரணியின் டிஃபென்ஸுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் மேட்ச்சின் வீடியோ இருந்தால், ஆளில்லாமல் போட்ட ஷாட்டுகளை மட்டும் தனியே எண்ணுங்கள். அவை 'மு' என்று விழுந்திருந்தால் களைப்பு.

நான் கோச். கடைசி அஞ்சு நிமிஷம் ஸ்டார் பிளேயர் ஓய்ஞ்சு போயிடுறான். வெளிய எடுக்கவும் பயமா இருக்கு. என்ன செய்யலாம்?

முன்னாலேயே எடுங்கள். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் டிவி இடைவேளைகள் உண்டு. பாதிக்கு 20 நிமிடத்தில் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே முதல் தடவை ஆட்டம் நிற்கும்போது அவை வரும். கோச்கள் முக்கிய வீரரை அதற்கு ஒரு நிமிடம் முன் உட்காரவைப்பார்கள். ஆட்டத்தில் இழப்பது ஒரு நிமிடம், கிடைக்கும் ஓய்வு மூன்று நான்கு நிமிடம்.

நமக்கு ஃபிபா விதி, டிவி இடைவேளை இல்லை. ஆனால் மூன்றாம் குவார்ட்டருக்கும் நான்காவதுக்கும் நடுவே 2 நிமிடம் உண்டு. மூன்றாவதின் கடைசி ஒரு நிமிடம் உட்காரவைத்தால் அந்த 2 நிமிடமும் சேர்ந்துகொள்ளும். இறுதியில் அவன் த்ரீ போட வேண்டுமென்றால் இந்த ஓய்வு தேவை. ஓய்ந்துபோய்த்தான் இருக்கிறான் என்றால், தூரத்தில் நிற்கவிடாமல் கூடைக்கு ஓட்டி ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோ போடச் சொல்லுங்கள். ஃப்ளினின் ராத்திரியை நினைத்துக்கொண்டு.

தினமும் ப்ராக்டிஸ் முடிஞ்சு இருநூறு ஃப்ரீ த்ரோ போடுறேன். போதாதா?

கைப்பழக்கத்துக்கு அது உதவும். மேட்ச்சுக்கு அது மட்டும் போதாது என்பதை முதல் பதிலிலேயே சொன்னேன். நூறைத் தொடர்ச்சியாகப் போடுங்கள். மீதி நூறை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு இரண்டுக்கும் முன் கோர்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிவிட்டு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு அணியும் கோட்டில் நிற்கட்டும். ஒருவர் இரண்டு போட வேண்டும், தவறினால் எல்லோரும் ஓட வேண்டும். அந்தக் கூச்சமும் படபடப்பும் சின்ன அளவில் பழகிவிடும். தவறவிட்டவரை மட்டும் யாரும் திட்டக் கூடாது, அது என் கண்டிப்பான விதி.

வீடியோவுல பாத்த ரொட்டீனை அப்படியே பண்றேன். ரெஃப்ரி விசில் அடிச்சுட்டாரு!

அடிப்பார். அமெரிக்கக் கல்லூரி விதியில் ஃப்ரீ த்ரோவுக்கு 10 விநாடி. ஃபிபாவில் 5 விநாடிதான். இரண்டு தட்டு, ஒரு நீண்ட மூச்சு வெளியே, ஒரு விநாடி பார்வை, ஷாட். இது நான்கு விநாடிக்குள் முடியும். மூச்சை உள்ளிழுத்துப் பிடிக்காதீர்கள். வெளியே விட்டால்தான் தோள் இறங்கும்.

போன வருஷம் கடைசி ஷாட் மிஸ் பண்ணி ஃபைனல் தோத்தோம். இப்போ பந்து என்கிட்ட வந்தாலே பாஸ் பண்ணிடுறேன். இதுல இருந்து வெளிய வர முடியுமா?

முடியும். 2018-ல் வர்ஜீனியா, போட்டியின் தரவரிசையில் முதல் நிலை அணியாக இருந்தும் பதினாறாம் நிலையில் இருந்த யுஎம்பிசி பல்கலைக்கழக அணியிடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் தேசியப் போட்டியில் அதுவரை நடக்காத தோல்வி. அந்த அணியின் கைல் கை, தனக்குப் பதற்றக் கோளாறு இருப்பதையும் மருந்து எடுப்பதையும் வெளிப்படையாகப் பேசியவர். அடுத்த ஆண்டு அரையிறுதியில், ஆபர்ன் 62-60 என்று முன்னிலையில் இருக்க, 0.6 விநாடி மிச்சமிருக்கும்போது அவருக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்தன. முதல் இரண்டு விழுந்ததும் ஆபர்ன் டைம் அவுட் கேட்டு அவரைக் காக்கவைத்தது. மூன்றாவதும் விழுந்தது. பயமே இல்லை என்று பிறகு அவர் சொல்லவில்லை. கொஞ்சம் பயந்ததாகவும், அது நல்ல வகைப் படபடப்பு என்றும்தான் சொன்னார். இரண்டு நாள் கழித்து வர்ஜீனியா கோப்பையையும் வென்றது.

நீங்கள் பாஸ் செய்துவிடுவதை உங்கள் கோச்சிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, கோர்ட் பக்கமே போகப் பிடிக்கவில்லை என்றால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். முழங்கால் வலித்தால் போகிறோம் இல்லையா, அது போலத்தான். நாளை மாலை வாருங்கள். பத்தடி தூரத்திலிருந்து தொடங்கலாம், இரண்டிரண்டாக. நோட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.